வாசகர் கேள்வி – பதில்: தொண்ணூறு கடந்த அம்மம்மாவின் வரலாற்றை எழுதுவது

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நீண்ட காலம் வாழ்ந்து மறைந்த, அல்லது இன்னும் நம்மோடு வாழ்கின்ற, கிறிஸ்தவத் தாய்மாரையும் பாட்டிமாரையும் பற்றியவை. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

எனது அம்மம்மா கடந்த ஆண்டு தமது தொண்ணூற்று மூன்றாவது வயதில் காலமானார். கொச்சிக்கடையில் பிறந்து, பத்து வயதில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே கன்னியர் மடத்தில் படித்து, திருமணத்தின் பின் மீண்டும் கொழும்புக்கு வந்தவர். முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு ஒரு நினைவு மலர் வெளியிடுகிறோம். வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பு எனக்கு. நான் எழுதியது எந்தப் பக்தியுள்ள பாட்டிக்கும் பொருந்துவதாக இருக்கிறது. இன்னொரு சிக்கல்: தாம் 1931 ஜூன் 13 ஆம் திகதி, புனித அந்தோனியார் திருநாளன்று, பிறந்ததாகவே அவர் சொல்லுவார். அடையாள அட்டை இலக்கம் 31665 என்று தொடங்குகிறது. அதைக் கணக்கிட்டால் ஜூன் 14 வருகிறது. ஞானஸ்நானப் பதிவில் இருப்பதோ ஜூன் 21. எதை அச்சிடுவது?
– வாசகி, கொட்டாஞ்சேனை

முதலில் திகதியைத் தீர்த்துக்கொள்வோம், ஏனெனில் அது எளிது. பழைய தேசிய அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும்; பெண்களுக்கு அந்த நாளுடன் 500 கூட்டப்படும். 665 இலிருந்து 500 ஐக் கழித்தால் 165. நீங்கள் 1931 ஆம் ஆண்டின் பெப்ரவரிக்கு 28 நாள் வைத்து எண்ணியதால் ஜூன் 14 இல் வந்து நின்றிருக்கிறீர்கள். அடையாள அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுகளுக்கும் பெப்ரவரி 29 நாள்தான். அவ்வாறு எண்ணிப் பாருங்கள்: 165 ஆவது நாள் ஜூன் 13. ஜூன் 21 ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட நாளாக இருக்க வேண்டும். குழந்தைக்குக் காலந்தாழ்த்தாமல் ஞானஸ்நானம் கொடுப்பதையே அக்காலத் திருச்சபை வலியுறுத்தியது. அவர் பிறந்தது சனிக்கிழமை, ஜூன் 21 அடுத்த வாரத்து ஞாயிறு. பதிவில் பிறந்த திகதி தனியாக ஒரு நிரலில் இருக்கும், அதையும் ஒருமுறை பாருங்கள். உறுதிப்படுத்த விரும்பினால், பிறப்பு பதியப்பட்ட இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் என் எண்ணத்தில் அம்மம்மா சொன்னதே சரி.

அந்தத் திகதியைப் பற்றி மலரில் ஒரு வரி கூடுதலாகவே எழுதலாம். சர்வசன வாக்குரிமையின் கீழ் இலங்கையில் நடந்த முதலாவது அரசாங்க சபைத் தேர்தல் 1931 ஜூன் 13 ஆம் திகதியே தொடங்கியது. உங்கள் குடும்பத்தில் பிறந்த நாளிலிருந்தே வாக்குரிமை பெண்களுக்கும் உரியது என்றிருந்த நாட்டில் வளர்ந்த முதல் பெண் அவராகத்தான் இருப்பார்.

இனி, எழுத்து எல்லாப் பாட்டிக்கும் பொருந்துகிறது என்ற உங்கள் குறை. அதை நீங்களே கண்டுபிடித்தது நல்லது. பல மலர்களில் அச்சான பின்னும் யாரும் கண்டுபிடிப்பதில்லை. ‘இறைபக்தி மிக்கவர், செபமாலை தவறாதவர், விருந்தோம்பலில் சிறந்தவர்’ என்ற அடைமொழிகளால் அவரை அடையாளம் காண முடியாது. அவர் எந்தக் கோவிலில், எந்த வருடத்தில், அக்கால வழக்கம் எதுவாக இருந்தபோது, எதைச் செய்தார் என்று எழுதினால் மட்டுமே அவர் தெரிவார். பக்தி என்பது மாறாத ஒன்று போலத் தோன்றினாலும் அவரது தொண்ணூற்று மூன்று ஆண்டுகளில் அதன் நடைமுறை பலமுறை மாறியிருக்கிறது. அவர் சிறுமியாகவும் இளம் தாயாகவும் கண்ட பூசை இலத்தீன் மொழியில் நடந்தது. குருவானவர் பீடத்தை நோக்கி நின்றார், சனங்களில் பலர் பூசை நேரத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள், பெண்கள் முக்காடிட்டிருந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின், 1960களின் நடுப்பகுதியிலிருந்து, பூசை படிப்படியாகத் தமிழுக்கு வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயதளவில் இருக்கும். அந்த மாற்றத்தை அவர் விரும்பினாரா, பழைய இலத்தீன் பாட்டுகளைச் சமையலறையில் தொடர்ந்து பாடினாரா, தமிழ்ப் பூசையிலும் செபமாலையைக் கையிலிருந்து விடாமல் இருந்தாரா என்று உங்கள் பெரியம்மாவிடமோ மாமாவிடமோ கேளுங்கள். அந்தப் பதில் அவருடையதாக மட்டுமே இருக்கும்.

பத்து வயதில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார் என்று ஒரு சொற்றொடரில் கடந்துவிட்டீர்கள். 1931 இல் பிறந்தவருக்குப் பத்து வயது 1942 ஜூன் வரைக்கும் உண்டு. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்று உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை துறைமுகத்தை ஒட்டிய இடம். அதன் பின் கொழும்பிலிருந்த பல குடும்பங்கள் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பின. உங்கள் அம்மம்மாவும் அப்படித்தான் போனார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. விசாரிக்க வேண்டிய இடம் அது என்கிறேன். அவ்வாறே என்றால், எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, இன்னொரு உயிர்த்த ஞாயிறில், தாம் பிறந்த அதே கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்த செய்தியை எண்பத்தேழு வயதில் கேட்டவர் அவர். திருத்தலம் அதே ஆண்டு ஜூன் 12 ஆம் திகதி, திருநாளுக்கு முதல் நாள், மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஆண்டுத் திருநாளுக்கு அவர் போனாரா, போகவேண்டாம் என்று பிள்ளைகள் மறித்தார்களா, மறித்தபோது என்ன சொன்னார்? இதை எழுதாமல் ‘துன்பங்களிலும் விசுவாசத்தில் தளராதவர்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

திருமணம் எந்தக் கோவிலில் நடந்தது என்று உங்கள் குறிப்பில் இல்லை. ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தைப் பாருங்கள். கத்தோலிக்கர் ஒருவரின் திருமணம் நடந்தால், அதை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவித்து, அங்குள்ள பதிவில் குறிக்க வேண்டும் என்ற விதி 1908 இலிருந்து நடைமுறையில் உண்டு. முறையாகச் செய்திருந்தால் திகதியும் இடமும் அந்த ஓரக் குறிப்பில் இருக்கும். பழைய பதிவுகள் இலத்தீனிலும் எழுதப்பட்டிருக்கும், பெயர்களும் இலத்தீன் உருவம் பெற்றிருக்கும். ஆகவே பதிவேட்டைப் பங்குத்தந்தையுடன் சேர்ந்தே பாருங்கள்.

எனது தாயாருக்கு எண்பத்தெட்டு வயது. நீரிழிவு நோயாளி. ஞாயிறு காலையில் நன்மை (நற்கருணை) எடுக்கும் வரை ஒரு வாய் தண்ணீரும் குடிக்க மாட்டார், மாத்திரையும் எடுக்க மாட்டார். இருமுறை கோவிலிலேயே மயங்கிவிட்டார். இது திருச்சபைச் சட்டமா, அம்மாவின் பிடிவாதமா?
– வாசகர், வெள்ளவத்தை

சட்டமாக இருந்தது, இப்போது இல்லை. உங்கள் தாயார் முதல்நன்மை வாங்கிய காலத்தில், அதற்கு முந்திய நள்ளிரவிலிருந்து எதையும் உண்ணவோ பருகவோ கூடாது, தண்ணீரும் கூடாது என்பதே விதி. விடியற்காலைப் பூசைகளுக்கு அக்காலத்தில் அவ்வளவு கூட்டம் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1953 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீர் அந்த நோன்பை முறிக்காது என்று அறிவித்தார். 1957 இல் உணவுக்கான நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். 1964 இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். இன்று நடைமுறையிலுள்ள 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 919 ஆம் பிரிவு, தண்ணீரும் மருந்தும் எந்த நேரத்திலும் தடையல்ல என்பதோடு, முதியவர்களும் நோயாளர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதும் உண்டிருந்தாலும் நற்கருணை பெறலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே உங்கள் தாயாருக்கு மட்டுமல்ல, அவரைக் கைபிடித்துக் கூட்டிச்செல்லும் உங்களுக்கும் அந்தச் சலுகை உண்டு.

ஆனால் இதை நீங்கள் சொன்னால் அவர் கேட்கமாட்டார், அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். இளமையில் நள்ளிரவு நோன்பு இருந்தவருக்கு அது உடம்பில் ஊறிய மரியாதை. மகன் வந்து சட்டப் பிரிவு வாசித்துக் காட்டினால், மகனுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்றே அவருக்குத் தோன்றும். பங்குச் சுவாமியிடம் முன்கூட்டியே விடயத்தைச் சொல்லி, அவர் வாயால் அம்மாவுக்குச் சொல்லச் செய்யுங்கள். ‘அம்மா, நீங்கள் மருந்து எடுத்துக்கொண்டு வருவதுதான் ஆண்டவருக்கு விருப்பம்’ என்று ஒரு குருவானவர் சொன்னால் பெரும்பாலும் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். எந்த மாத்திரையை உணவுக்கு முன், எதைப் பின் என்ற ஒழுங்கை வைத்தியரிடம் கேட்டு, எந்த நேரப் பூசைக்குப் போவது என்பதை அதற்கேற்ப மாற்றுங்கள். அதற்கும் இணங்காவிட்டால், வீட்டுக்கு நற்கருணை கொண்டுவரும்படி கேட்கலாம். ஆயினும் நடக்கக்கூடியவரை வீட்டில் இருத்தி நன்மை கொடுப்பது அவருக்குத் தண்டனை போல இருக்கும் என்பதால், அதைக் கடைசி வழியாக வைத்திருங்கள்.

அம்மாவின் 1968 ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ‘ஞாயிறு. ஐந்தரை மணிப் பூசை. அவர் கந்தோருக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு’ என்று பல இடங்களில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்ன கந்தோர்? அம்மா கிழமை மாறி எழுதிவிட்டார் என்று அண்ணன் அந்தப் பகுதியை நீக்கச் சொல்கிறார்.
– வாசகி, தெமட்டகொடை

நீக்க வேண்டாம். உங்கள் நாட்குறிப்பில் உள்ளவற்றில் அச்சிட மிகவும் தகுந்தது அதுவே என்று நினைக்கிறேன். 1966 தொடக்கம் 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறு வார விடுமுறை இருக்கவில்லை. சந்திரனின் நான்கு போயா நாட்களும் (பௌர்ணமி, அமாவாசை, இரு அரைநிலா நாட்கள்) அவற்றுக்கு முந்திய நாளின் அரைப்பொழுதுமே விடுமுறை. போயா எந்தக் கிழமையில் வந்தாலும் அதுதான் ஓய்வு நாள். ஞாயிறு பெரும்பாலும் வேலை நாள். ஞாயிறு பூசை கடமை என்று கொண்ட ஒரு குடும்பத்துக்கு அதன் பொருள், கந்தோருக்கும் பள்ளிக்கும் முந்திய இருட்டில் கோவிலுக்குப் போய்வந்து, அதன்பின் சாப்பாடு கட்டிக் கொடுப்பது. உங்கள் தாயார் அந்த ஆண்டுகளில் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டியிருந்தது என்பதை அண்ணனிடம் ஒருமுறை கணக்கிடச் சொல்லுங்கள். அப்போது பள்ளிச் சீருடையில் பூசை கண்ட பிள்ளைகளில் அவரும் ஒருவராக இருந்திருக்கக் கூடும்.

எங்கள் அம்மா தொண்ணூற்றொரு வயது வரை வாழ்ந்தார். எல்லோரும் அவரைப் புனிதர் என்கிறார்கள். உண்மையில் மிகவும் கடினமானவர். மாலை ஏழு மணிச் செபமாலைக்கு முழந்தாளில் நிற்காத பிள்ளைக்கு அடி விழும். சைவப் பையனை மணந்த தங்கையுடன் பதினோரு வருடம் பேசவில்லை. மலரில் இதை எழுதலாமா? எழுதாவிட்டால் பொய் சொல்வது போல இருக்கிறது.
– வாசகர், மட்டக்குளி

திருச்சபையே ஒருவரைப் புனிதர் என்று சொல்ல அவசரப்படுவதில்லை. யோசேப் வாஸ் அடிகளார் 1711 இல் கண்டியில் மரித்தார். 1995 ஜனவரியில் இங்கே காலிமுகத்திடலில் அருளாளராகவும், 2015 ஜனவரியில் அதே காலிமுகத்திடலில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். இடையில் முந்நூறு ஆண்டுகள் கடந்திருந்தன. மரித்த முப்பத்தோராம் நாள் நினைவுக்குள் அந்த வேலையை முடித்துவிட உறவினர்கள் துடிப்பது அன்பினால்தான், அதற்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை.

இரண்டு விடயங்களையும் நான் பிரித்துப் பார்க்கிறேன். செபமாலை நேரத்து அடியை எழுதுங்கள். அது உங்கள் எல்லோருடைய அனுபவம், அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதை நகைச்சுவையாக மெருகூட்டவும் வேண்டாம், குற்றப்பத்திரிகையாக வாசிக்கவும் வேண்டாம். எந்தப் பாயில் யார் பக்கத்தில் யார் முழந்தாளிட்டார்கள், ஐந்தாம் தேவரகசியத்தில் யார் தூங்கி விழுந்தார்கள், அடித்த பின் அம்மா என்ன செய்தார் என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். ‘கண்டிப்பானவர்’ என்ற ஒரு சொல்லால் மூடினால், அடி வாங்காத பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது, அடி வாங்கிய பிள்ளைகளுக்குக் கசப்பு மிஞ்சும்.

தங்கையின் விடயம் வேறு. பதினோரு வருட மௌனத்தின் பெரும்பகுதியைச் சுமந்தவர் அவர். ஆகவே அவர் சம்மதித்தால் எழுதுங்கள், அதுவும் அவரையே எழுதச் சொல்லுங்கள், சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். அந்தத் தலைமுறைத் தாய்மாருக்கு, ஞானஸ்நானம் பெறாத ஒருவரை மகள் மணப்பது குடும்பக் கௌரவப் பிரச்சினை மட்டுமல்ல. திருச்சபையின் விசேட அனுமதியின்றி நடந்த அத்தகைய திருமணம் திருமணமே அல்ல என்றும், மகள் பாவ நிலையில் வாழ்கிறாள், அவள் ஆன்மா ஆபத்தில் இருக்கிறது என்றும் அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே மறைக்கல்வியில் கற்பிக்கப்பட்டிருந்தது. மகளுடன் பேசாத அதே ஆண்டுகளில் ஒவ்வொரு செவ்வாயும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் அந்த மகளுக்காகவே மன்றாடிய தாய்மார் உண்டு. உங்கள் தாயார் அப்படிச் செய்தாரா என்பது உங்கள் குடும்பத்தில் யாருக்காவது தெரிந்திருக்கும். செய்திருந்தாலும், அந்தப் பதினோரு வருடம் நியாயமாகிவிடாது. ஆனால் வரலாறு முழுமையாகும். பதினோரு வருடத்தின் முடிவில் முதலில் பேசியது யார் என்பதையும் உங்கள் கடிதம் சொல்லவில்லை. எனக்கு அதை அறிய ஆவலாக இருக்கிறது.

எங்கள் அப்பம்மா 1935 இல் உடுவிலில் ஞானஸ்நானம் பெற்றபோது ‘தென்னிந்திய ஐக்கிய சபை’ என்றும், 1954 இல் அங்கேயே திருமணம் செய்தபோது ‘தென்னிந்தியத் திருச்சபை’ என்றும் சான்றிதழ்களில் உள்ளது. கொழும்புக்கு வந்தபின் மெதடிஸ்த ஆலயத்துக்குப் போனார். மூன்று சபைகள் மாறியவர் என்று எழுதுவது அவருக்கு இழுக்காகாதா?
– வாசகர், பம்பலப்பிட்டி

உடுவிலில் அவர் மாறவில்லை, சபையின் பெயர்தான் மாறியது. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனின் சபைகள் பின்னர் தென்னிந்திய ஐக்கிய சபையில் இருந்தன. 1947 இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அவை அதன் யாழ்ப்பாண ஆதீனமாயின. சபாபதி குலேந்திரன் அதன் முதலாவது பேராயர். உங்கள் அப்பம்மா பெரும்பாலும் அதே ஆலயத்தில், அதே வாங்கில் இருந்தபடியே ஒரு சபையிலிருந்து மற்றதற்கு வந்திருக்கிறார். இலங்கை மெதடிஸ்தர்கள் அந்த ஐக்கியத்தில் சேரவில்லை, ஆகவே கொழும்பில் அவர் சென்றது வேறொரு சபைக்குத்தான். தமிழில் ஆராதனை நடக்கும் அருகிலுள்ள ஆலயத்துக்குப் போவது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புரட்டஸ்தாந்துக் குடும்பங்களுக்கு இயல்பானது. இழுக்கு எதுவும் இல்லை. அவருடைய பழைய வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத்தாளைப் பார்த்தீர்களா? பிள்ளைகளின் பிறப்பும் ஞானஸ்நானமும் அந்தக் குடும்பங்களில் அங்கேதான் எழுதப்படும். அதைப் படமெடுத்து மலரில் சேர்த்தால் நான்கு பக்க வரலாற்றைச் சுருக்கலாம்.

அம்மம்மா தினமும் யார் யாருக்காகச் செபிக்க வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். நூற்றுக்கணக்கான பெயர்கள். அந்தக் கொப்பியை அப்படியே அச்சிட வேண்டும் என்கிறார் மாமா. உங்கள் கருத்து என்ன?
– வாசகி, ஜிந்துப்பிட்டி

அச்சிட வேண்டாம். பெயர்கள் மட்டும் இருந்தாலும் தயங்குவேன். அத்தகைய கொப்பிகளில் பெயருக்குப் பக்கத்தில் காரணமும் இருக்கும். குடி, கடன், பிள்ளையின்மை, வழக்கு, வெளிநாடு போய்த் தகவல் இல்லாத மகன் என்று அவர்கள் அம்மம்மாவிடம் சொன்னவை மாமாவிடம் சொன்னவை அல்ல. அவர்களில் பலர் நினைவுத் திருப்பலிக்கு வருவார்கள், மலரை வீட்டுக்கு எடுத்துச் சென்று வாசிப்பார்கள். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்கள் மட்டும் உள்ள ஒரு பக்கம் இருந்தால் அதைப் போடலாம். மற்றபடி கொப்பியை, அந்தப் பெயர்களுக்காகத் தொடர்ந்து செபிக்கக்கூடிய ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் அம்மம்மாவின் மூத்த மகளிடம் இருக்கட்டும்.